பட்டமாகிப்போன வேடம்

எங்கள் திருக்கோவிலூர்ப் பக்கத்தில், தெருக்கூத்து முடிந்து அரிதாரம் கலைந்த பின்னும், துரியோதனன் வேடம் கட்டியவரை ஊரார் அந்தப் பெயராலேயே அழைப்பதுண்டு. அன்பினால்தான் அழைக்கிறார்கள், ஆயினும் அந்த அன்பில் ஒரு தளையும் இருக்கிறது. அடுத்த திருவிழாவில் அவரே தருமனாக வந்து நின்றால் நம் மனம் ஏற்கத் தயங்கும். வாழ்நாள் முழுவதும் அப்படி ஒரு வேடத்தின் பெயரைச் சுமந்தவர், 2003-இல் மறைந்த மேஜர் சுந்தரராஜன்.

கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் பார்வையிழந்த ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியாக அவர் நடித்தார். 1966-இல் அது தமிழ்த் திரைப்படமானபோதும் அவ்வேடம் அவருக்கே கிட்டியது. அடைக்கலம் கேட்டு வந்தவன் ஒரு கொலையாளி. கொல்லப்பட்டவனோ மேஜரின் சொந்த மகன். இத்துயரைக் கண்களின் துணையின்றி, குரலாலும் வளையாத முதுகாலுமே உணர்த்தியது அவரது வெற்றி.

அந்த வெற்றியே பின்னர் வேலியாயிற்று. காவல் அதிகாரி, நீதிபதி, கண்டிப்பான தந்தை என்று ஒரே வார்ப்பில் வேடங்கள் வந்தன. ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்லி, அதையே தமிழிலும் சொல்லும் அவரது பாணி பலகுரல் கலைஞர்களின் கேலிப்பொருளானது. கேலி முற்றிலும் நியாயமற்றதன்று. அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டவேண்டிய குரலை, முகத்தருகே நிற்கும் காமிராவின் முன்னும் அவர் தணித்தது அரிது. எனினும் ‘எதிர்நீச்சல்’ (1968) படத்தில் அவர் ஏற்ற நாயர் வேடத்தைக் கண்டவர்கள், வேலிக்கு அப்பாலும் அவருக்கு நிலம் இருந்ததை அறிவார்கள்.

அவரை எடைபோட நான் நாடுவது ‘ஞான ஒளி’யை. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய அந்நாடகத்தில் நாயகன் அந்தோணியாக மேடையேறியவர் சுந்தரராஜன். 1972-இல் பி. மாதவன் அதைப் படமாக்கியபோது அந்தோணி சிவாஜி கணேசனிடம் போனான். சுந்தரராஜனுக்கு வாய்த்தது, அவனைத் துரத்தும் காவல் அதிகாரி லாரன்ஸ். தான் உயிரூட்டிய பாத்திரம் இன்னொருவர் உடலில் நடமாடுவதை எதிரே நின்று பார்ப்பது எந்த நடிகனுக்கும் எளிதன்று. அவரோ பின்வாங்கவில்லை. லாரன்ஸின் சந்தேகம் உறுதியாக நிற்பதால்தான் அந்தோணியின் வேதனைக்கு எடை கூடுகிறது. சட்டம் உண்மையாகவே கடுமையாக இருந்தாலன்றி இரக்கத்தின் அருமை புலப்படாது. மன்னிப்பைப் பற்றி அடிக்கடி பேசும் நாமே இதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

விக்தர் யூகோவின் நாவலைத் தழுவிய ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தில் இதே போன்ற காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கும் ‘ஜாவர்’ என்ற வேடப்பெயரே பட்டமாயிற்று. துரத்துகிறவனை நாம் பெயர் சொல்லி நினைவில் வைக்கிறோம், நேசிப்பதோ துரத்தப்படுகிறவனைத்தான். அந்த நேசம் தனக்கு வராது என்றறிந்தும் தன் பங்கைக் குறைவின்றிச் செய்வது நடிப்புக்கு மட்டும் உரிய அறமன்று. ‘மேஜர்’ என்பது இரசிகர்கள் தந்த பெயர். லாரன்ஸாக அவர் நின்ற நிலையோ, அவரே தேடிக்கொண்ட பெருமை.