பொம்மையின் முதுகில் குண்டூசி

அடுத்த தடவை ஜவுளிக்கடைக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வாசலில் குர்தி போட்டுக்கொண்டு நிற்கிற பொம்மையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் விலைச்சீட்டைத் தேடுவதுபோல் பாவனை செய்யலாம். பெரும்பாலும் முதுகில் நாலைந்து குண்டூசி இருக்கும். இல்லாவிட்டால் கிளிப். முன்னால் அத்தனை கச்சிதமாகத் தெரிகிற துணி, பின்னால் மடித்து இழுத்துக் குத்தப்பட்டிருக்கும்.

அதாவது, அந்தத் துணி பொம்மைக்கே சரியில்லை.

இந்த ஞானம் எனக்கு வந்தது மண்ணூரில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போயிருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து பெண்களை இறக்கிவிடும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. நாள் முழுக்க எல்லோரையும்போல ஒரே நிறக் கோட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு, சம்பளத்தில் தானே பார்த்து வாங்குகிற டிரெஸ் சின்ன விஷயமில்லை.

ரோட்டோரக் கடை ஒன்றில் அப்படி ஒரு பெண், பொம்மை போட்டிருந்த அதே மஞ்சள் குர்தியைத் தன் அளவில் கேட்டு வாங்கி, டிரையல் ரூமுக்குப் போய்விட்டு வெளியே வந்தாள். இடுப்பில் பிடித்தது. தோள் தையல் முழங்கையை நோக்கிச் சரிந்தது. கை, விரல் நுனியைத் தொட்டது. கூட வந்த தோழி ஒன்றும் சொல்லவில்லை. விற்பனைப் பெண், "உங்களுக்கு இது செட் ஆகாதுக்கா, ஃப்ரீ சைஸ்ல எடுத்துக் காட்டட்டுமா?" என்றாள். குரலில் கேலி இல்லை, இரக்கம்தான். அது இன்னும் மோசம்.

"வேணாங்க. கொஞ்சம் இளைச்சுட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்றாள் அந்தப் பெண்.

தப்பு குர்தியில். தண்டனை உடம்புக்கு.

ரெடிமேட் துணி எப்படித் தயாராகிறது தெரியுமா? ஏதாவது ஒரு அளவுக்கு, பெரும்பாலும் ஸ்மால் அல்லது மீடியத்துக்கு, மாதிரி வெட்டிச் சரிபார்ப்பார்கள். மற்ற அளவுகளுக்கு அதையே அங்கங்கே கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். கிரேடிங் என்று பெயர். மனித உடம்பு பலூன் மாதிரி எல்லாப் பக்கமும் சமமாக ஊதினால் இது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் இடுப்பு நாலு அங்குலம் கூடினவருக்குத் தோள்பட்டை நாலு அங்குலம் கூடுவதில்லை. கை நீளுவதே இல்லை. இதைச் செலவு செய்து, பெரிய அளவுக்கென்று தனி மாதிரி வெட்டிப் பார்க்கிற கம்பெனிகளும் உண்டு. செய்யாதவர்கள் விற்பதைத்தான் அந்தப் பெண் போட்டுப் பார்த்தாள்.

நம் தெருமுனை டெய்லர் யாரையும் எக்ஸ்எல் என்று அழைத்ததில்லை. "அளவு ஜாக்கெட் கொண்டு வாங்கம்மா" என்பார். உள்ளே துணி விட்டுத் தைத்து, "பத்தலைன்னா அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். உடம்பு மாறும், துணிதான் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்பது அவருடைய தத்துவம். ரெடிமேடில் ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்துவிடுகிறார்கள். பிரிக்க ஒன்றுமில்லை.

சரி, இந்த எஸ், எம், எல் எல்லாம் யாருடைய அளவு? அமெரிக்க விவசாயத் துறை 1939-40ல் சுமார் 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்தது. அமெரிக்காவின் அளவுத் தரங்களுக்கு அதுதான் அஸ்திவாரம். வெள்ளைக்காரப் பெண்களின் கணக்கை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். நமக்கென்று இந்திய அளவுப் பட்டியல் தயாரிக்கப்போவதாக நிஃப்ட் நிறுவனம் 2018ல் அறிவித்தது. ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளக்கும் திட்டம். அறிவித்த பட்டியலில் பெங்களூரு இருந்தது, ஹைதராபாத் இருந்தது, ஷில்லாங்கூட இருந்தது. சென்னை இல்லை. நம் இடுப்பை பெங்களூரை வைத்து யூகித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

யூகிக்கத் தேவையில்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். அது நல்லதா கெட்டதா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஜவுளிக்காரருக்கு அதில் ஒரே ஒரு சேதிதான்: கடைக்குள் வருகிற பத்துப் பெண்களில் நாலு பேர். வாசலில் நிற்கிற பொம்மையோ அந்த நாலு பேரில் ஒருத்தி இல்லை. மிச்ச ஆறு பேரிலும் இல்லை. இங்கிலாந்தில் இரண்டு நகரங்களின் கடைப் பொம்மைகளை ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். பெண் பொம்மைகள் அத்தனையும் எடை குறைந்த உடம்பு. ஆண் பொம்மைகளில் அப்படி இருந்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை.

பொம்மை என்றதும் ஞாபகம் வருகிறது. அதே வட்டாரத்தில், ஒரகடத்தில், காரை மோதிப் பார்க்கிற வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தச் சோதனைகளுக்கு உலகம் பூராவும் ரொம்ப காலம் பிரதானமாக இருந்த பொம்மை, சுமார் 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள அமெரிக்க ஆண். பிறகு, எல்லோரும் அந்த ஆள் இல்லை என்பது புரிந்து, குள்ளமான பெண், குழந்தை என்று வேறு பொம்மைகளும் வந்தன. காரிலும் சீட்டை முன்னே பின்னே நகர்த்த ஒரு நெம்புகோல் இருக்கிறது. கால் எட்டவில்லை என்றால், "கால் வளர்ந்ததும் வந்து வாங்குங்கள்" என்று எந்த ஷோரூமிலும் சொல்வதில்லை.

துணிக்கடையில் சொல்கிறோம். நாமும்தான் சொல்கிறோம். தொளதொளவென்ற டிஷர்ட்டை ஒல்லியான பெண் போட்டால் 'ஓவர்சைஸ்' ஃபேஷன். அதையே குண்டான பெண் போட்டால், "ஏன்டி, நைட்டியோட வந்துட்டே?" துணி அதேதான். நாம் விமர்சனம் எழுதுவது துணிக்கு இல்லை, உள்ளே இருக்கிற ஆளுக்கு. பத்திரிகைகளில் வரும் யோசனைகளைப் பாருங்கள்: குண்டானவர்கள் அடர்த்தியான நிறம் போடவும், நெடுக்குக் கோடு போடவும், குறுக்குக் கோட்டைத் தவிர்க்கவும். எல்லாமே ஒளிந்துகொள்ள வழி. வேடிக்கை என்னவென்றால், கோடு விஷயம்கூட சந்தேகம்தான். யார்க் பல்கலைக்கழகத்து பீட்டர் தாம்சன் 2008ல் சோதித்துப் பார்த்து, குறுக்குக் கோடு உடம்பைப் பருமனாகக் காட்டவில்லை என்றார். எத்தனை பெண்கள் எத்தனை வருஷம் ஆசைப்பட்ட புடவையை மடித்துத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்!

ஆகவே நண்பர்களே, இனி டிரையல் ரூம் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளாமல், ஒரு விமர்சகரைப்போல் துணியைப் பாருங்கள். தோள் தையல் தோளில் உட்காருகிறதா? கை மணிக்கட்டில் நிற்கிறதா? உள்ளே பிரிக்கத் துணி இருக்கிறதா? இல்லையென்றால், "எனக்கு இது செட் ஆகலை" என்று சொல்லாதீர்கள். "இதைச் சரியா வெட்டலை" என்று சொல்லுங்கள், கல்லாவில் இருப்பவர் காதில் விழுகிற மாதிரி.

மண்ணூர்ப் பெண் போனபிறகு அந்த மஞ்சள் குர்தியை மறுபடி மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் நின்று குண்டூசி குத்திவிட யாருமில்லை. பொம்மைக்கு இருந்தார்கள்.