ஜீனோவின் குரல்: நூலிலும் திரையிலும்

முன்னுரை

கதையை நூலில் படித்தோரும் அதனைத் திரையில் கண்டோரும் ஓரிடத்தில் கூடினால், எது சிறந்தது என்னும் வழக்கு எழாமல் இராது. ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, தமிழர் வாழும் ஊர்கள்தோறும் இவ்வழக்கு நடந்ததை அறிவோம். அது வரலாற்றுப் புதினம். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது நகைச்சுவை கலந்த அறிவியற் புதினம். சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’ என்னும் இரு நூல்களும் அவற்றை ஒட்டி எழுந்த திரை வடிவங்களுமே நம் பொருள்.

நாம் வாழ்வது கேரள மாநிலத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள செங்கல் என்னும் ஊர். களியக்காவிளை எல்லை சில கல் தொலைவில் உள்ளது. நாள்தோறும் இரயிலில் திருவனந்தபுரத்து அலுவலகம் சென்று வருகின்றோம். தமிழ் பேசுவோர் சிலர் ஒரே பெட்டியில் அமர்வது வழக்கம். அப்பெட்டியில் ஒருநாள் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், “ஜீனோவைப் படித்தவனுக்கு ‘எந்திரன்’ வெறும் வாணவேடிக்கை” என்றார். இளைஞர் ஒருவர், “நீங்கள் நாயை வைத்துச் சொன்னதை அவர்கள் ஆளை வைத்துச் சொன்னார்கள்; வேறென்ன குறை, அண்ணாச்சி?” என்று வினவினார். வண்டி நின்றது, வழக்கு நிற்கவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நூல்களும் அவற்றின் காலமும்

ஆசிரியரின் இயற்பெயர் ரங்கராஜன். 1935இல் பிறந்து, திருவரங்கத்தில் வளர்ந்து, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர், 2008இல் மறைந்தார். தமிழ்நாட்டுக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டே தமிழ் உரைநடையின் நடையை விரைவுபடுத்தியவர் என்பதை, அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் சிறப்பாக நினைக்கவேண்டும்.

‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நிகழும் காலம் 2021. நாட்டை ஜீவா என்னும் ஒரே தலைவன் ஆள்கின்றான். மக்களின் பெயர் ஈரெழுத்துக்கு மேற்படக் கூடாது. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் பெண், காணாமற்போன கணவனைத் தேடப் புகுகின்றாள். அவளுக்குத் துணையாய் அமைவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது புத்தகம் படிக்கும். படிக்கப் படிக்கச் சிந்திக்கும். சிந்திக்கச் சிந்திக்க மனிதரைக் கேலி செய்யும். இறுதியில் ஜீவா ஓர் ஆளே அல்லன், ஒளியால் ஆன வெறும் உருவம் என்பது வெளிப்படுகின்றது. இரண்டாம் நூலில் நிலா அரசியாகின்றாள். ஆயினும் ஆளுவோர் வேறு.

அக்கற்பனை ஆண்டு வந்து சென்றுவிட்டது. கதையிற் போன்ற தலைவன் வரவில்லை. ஆனால் 2020, 2021 ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் நம் பகுதி மக்கள், இஞ்சிவிளையிலும் களியக்காவிளையிலும் இருந்த சோதனைச் சாவடிகளில் கைப்பேசியை நீட்டி இணையவழி அனுமதிச் சீட்டைக் காட்டி நின்றனர். அக்கரையில் மகளைக் கட்டிக்கொடுத்த தாய், பேரக் குழந்தையைக் காண எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீட்டை ஒப்பிக்கவேண்டியிருந்தது. நோயைத் தடுக்க அது தேவையாகவே இருந்திருக்கலாம். எனினும், கோப்புகளுக்கிடையே வாழும் எழுத்தராகிய நமக்கு, பெயரினும் எண்ணை நம்பும் ஆட்சியைச் சுஜாதா எள்ளியது வெறும் விளையாட்டன்று என்பது அன்று விளங்கிற்று.

நகை பிறக்கும் இடம்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கும் அதன் பிறப்பிடம் என்பர். இந்நான்கையும் ஜீனோவின் மேல் வைத்துப் பார்த்தல் தகும்.

ஜீனோ மனிதரை எள்ளுகின்றது. அது உருவிற் சிறியது. ஆதலின் இளமை பற்றிய நகையும் உண்டு. மனித வழக்கம் அறியாது சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும்போது பேதைமை தோன்றுகின்றது. மடமையோ நாயினிடம் இல்லை. அதனை வெறும் பொருளென்று எண்ணி ஏவும் மனிதரிடம் உள்ளது. இந்நான்கும் ஒன்றுசேர்வது ஜீனோ பேசும் வாக்கியத்தில்தான். உயிருக்கு அஞ்சி மனிதர் கலங்கும் வேளையில் நாய் அமைதியாகக் கணக்குச் சொல்லும். அச்சமும் கணக்கும் ஒரே வரியில் மோதுவதால் சிரிப்பு எழுகின்றது.

கதை சொல்லும் ஆசிரியரின் குரல் இதனினும் முதன்மையானது. ஒருவன் மாடிப்படி இறங்குவதைச் சொல்ல எழுத்துகளையே படிப்படியாகக் கீழிறக்கி அச்சிட்டுக் காட்டியவர் சுஜாதா. சொல்லவேண்டியதைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை வாசகனிடம் விடுவது அவர் வழக்கம். அவருடைய நகைச்சுவையில் ஒரு பகுதி கதையில் இல்லை, தாளில் உள்ளது. தாளை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் எடுத்துச் செல்வோர் எதனை விட்டுச் செல்கின்றனர் என்பதை இதனால் உணரலாம்.

திரை செய்தது

சுஜாதாவின் கதைகள் திரைக்குப் புதியன அல்ல. ‘காயத்ரி’ 1977இலும் ‘ப்ரியா’ 1978இலும் படங்களாயின. ‘ப்ரியா’ நூலில் கதை இலண்டனில் நிகழும். படத்தில் அது சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. ஏவுகணை கடத்தப்படும் கதையாகிய ‘விக்ரம்’ 1986இல் வந்தபோது, எழுத்தும் படமும் ஏறக்குறைய உடன்பிறந்தன. குமுதத்தில் தொடராகவும் அது வெளிவந்தது.

‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராயிற்று. நாம் அதனை விடுமுறை நாட்களில் நாகர்கோவில் உறவினர் வீட்டில் கண்ட சிறுவர் கூட்டத்துள் ஒருவர். ஜீனோ திரையில் தோன்றியபோது ஆரவாரித்தோம். ஆயினும் தொடரைக் கண்டபின், நம் மனத்தில் அதுவரை வளர்ந்த நாயைத் தேடினால் அது கிடைக்கவில்லை. அக்காலத்து வசதிகளைக் கருதின் செய்தவர்களைக் குறைகூறல் ஆகாது. வாசகன் ஒவ்வொருவனும் தனக்கென வளர்த்த நாய்களின் இடத்தில் ஒரே நாயை நிறுத்துவது காட்சியின் இயல்பு.

ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ 2010ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்தது. உரையாடலில் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. படம் முடியுமுன் அவர் மறைந்தார். இது ஜீனோ நூல்களின் நேர் தழுவல் அன்று. அந்நூல்களின் சாயல் இருப்பதாக வாசகர் பேசுவர். இதில் வரும் சிட்டி என்னும் இயந்திர மனிதன் கொசுக்களுடன் பேச்சுவார்த்தை நடத்தும் காட்சி, ஜீனோவை ஈன்றவரின் குறும்பை நினைவூட்டுகின்றது. பின்னர்ப் படம் பேருருவங்களையும் பெரும் போரையும் நாடிச் செல்ல, அக்குறும்பு ஒடுங்கிவிடுகின்றது.

நம் இரயில் பெட்டி இளைஞரின் வினாவுக்கு இங்கு ஒரு விடை உண்டு. சிட்டியும் படிக்கின்றான், ஜீனோவும் படிக்கின்றது. சிட்டி பக்கங்களைப் புரட்டிய அளவில் நூல் முழுதும் அவனுள் பதிந்துவிடுகின்றது. ஆனால் அவன் மாறுவதில்லை. அவனை மாற்றுவதற்கு வேறொருவர் உணர்ச்சியை ஊட்டவேண்டியிருக்கின்றது. ஜீனோவோ படிப்பதனாலேயே மாறுகின்றது. ஒன்று நூலைச் சேமிக்கின்றது. மற்றொன்று நூலை வாசிக்கின்றது. நாயை ஆளாக்கியது பெரிய மாற்றம் அன்று. வாசகனைப் பண்டசாலையாக்கியதே பெரிய மாற்றம்.

பிற மொழிகளில்

ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் படைத்த விண்வெளி நகைச்சுவைக் கதைத்தொடரையும் இங்கு நினைக்கலாம். அது 1978இல் பி.பி.சி. வானொலி நாடகமாகப் பிறந்து, 1979இல் நூலாகி, 1981இல் தொலைக்காட்சித் தொடராகி, ஆசிரியர் 2001இல் மறைந்தபின் 2005இல் திரைப்படமாயிற்று. அங்கும் அன்பர் வழக்கு ஓய்ந்தபாடில்லை. எனினும் அத்தொடரும் படமும் ஒன்றை விடவில்லை. கதைக்குள் ஒரு வழிகாட்டி நூல் உண்டு. அந்நூல் தானே பேசும் குரலைத் திரையிலும் ஒலிக்கச் செய்தனர். செவிக்காகப் பிறந்த கதையாதலின், குரலே அதன் உயிர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

அயல்நாடு வரை செல்லவும் வேண்டா. 2019இல் வந்த மலையாளப் படம் ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’. தனித்திருக்கும் முதியவரைப் பேண மகன் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து விடும் கதை. 2022இல் ‘கூகுள் குட்டப்பா’ என்னும் பெயரில் தமிழில் வந்தது. இரண்டையும் நம் வீட்டில் ஒருங்கே கண்டோம். கதை குறைவின்றி எல்லை கடந்தது. சிரிப்பு அவ்வாறு கடக்கவில்லை. பையனூர்ப் பக்கத்து முதியவரின் பேச்சு வாடையே முன்னதற்கு நகையை ஈந்தது. கதைக்குக் கடவுச்சீட்டு எளிதிற் கிடைக்கும்; நகைக்குக் கிடைப்பது அரிது.

விடுபட்ட வாரங்கள்

நூலின் பக்கமே நின்று தீர்ப்புரைப்பது நேர்மையாகாது. நம் தந்தையார், விகடனில் வந்த தொடரை வாரந்தோறும் கிழித்தெடுத்துச் சணலால் தைத்து, நாட்காட்டித் தாளை அட்டையாக இட்டு வைத்திருந்தார். அத்தொகுப்பில் சில வாரங்கள் இல்லை. விடுபட்ட பகுதிகளில் ஜீனோ என்ன செய்திருக்கும் என்று நாமே புனைந்துகொண்டோம். பல்லாண்டு கழித்து நூலை வாங்கிப் படித்தபோது, ஆசிரியர் எழுதியது வேறாக இருந்தது. வெட்கமில்லாமல் உரைப்பின், ஓரிடத்தில் நம் கற்பனையே மேலென்றும் தோன்றிற்று! ஆகவே படிப்பவன் ஒவ்வொருவனும் தன் மனத்துள் ஒரு படம் எடுத்தே தீர்கின்றான். இயக்குநர் செய்த குற்றத்தை நாம் அனைவரும் செய்துள்ளோம்; அவர் பொதுவில் செய்தார், அவ்வளவே.

நம் இல்லங்களின் வழக்கு

ஆயின் இவ்வழக்கால் ஆவது என்ன? நம் போன்ற குடும்பங்களுக்கு ஆவது மிகுதி.

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நீங்கள் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டுச் சென்றீர்கள்; நாம் ஊரிலேயே இருந்தோம், நமக்கும் உறவினர்க்கும் இடையே கோடு விழுந்தது. இருவர் வீட்டிலும் விளைவு ஒன்றே. பிள்ளைகள் தமிழைப் பேசுவர், எழுத்தறியார். செங்கல் என்னும் நம் ஊர்ப்பெயரைத் தமிழர் கேட்டால் சூளையில் சுட்ட கல்லை நினைப்பர். மலையாளத்தார் மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் சிவந்த கல்லை நினைப்பர். பள்ளியில் மலையாளம் பயிலும் நம் மகளுக்கு இரண்டாவதே முதலில் தோன்றுகின்றது. அதில் பிழையில்லை. ஆயின் அவள் அறிந்த தமிழ் முழுதும் வீட்டிலும் திரையிலும் கேட்டதே.

‘எந்திரன்’ படத்தைப் பலமுறை கண்டவள் அவள். இரயிலில் நடந்த வழக்கை ஓர் இரவு அவளிடம் கூறினோம். “அந்த நாய் அப்படி என்னதான் சொல்லும், அப்பா?” என்றாள். பழைய தொகுப்பை எடுத்து வாசித்துக் காட்டினோம். முதலிரு நாள் அவள் சிரிக்கவில்லை. நாம் வாசித்த வேகம் தவறு. அலுவலகச் சுற்றறிக்கை போல வாசித்திருக்கின்றோம். மூன்றாம் நாள் ஜீனோவின் பேச்சை மட்டும் குரல் மாற்றி வாசித்தோம், சிரித்தாள். மறுவாரம், நாயின் பேச்சைத் தானே வாசிப்பதாகக் கேட்டாள். இப்போது அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டி ஜீனோவின் வரிகளைப் படிக்கின்றாள். மற்றவற்றை நாம் படிக்கின்றோம். நிலாவின் துயரையும் ஆசிரியர் விடும் இடைவெளிகளையும் அவள் இன்னும் தானாகப் படித்தாள் அல்லள்.

முடிவுரை

எனவே நம் தீர்ப்பு இது. கதையையும் உருவத்தையும் வியப்பையும் திரை தரவல்லது. அதனாலேயே நம் மகளுக்கு அந்நாயைப் பற்றிக் கேட்கத் தோன்றிற்று. அதற்கு நன்றி உரித்து. ஆனால் ஜீனோவின் நகை தமிழ் வாக்கியத்தில் வாழ்வது. வாக்கியத்தைப் படிக்க இயலாதவர்க்கு அது முழுமையாக எட்டாது. ஒளியுருவத்தைத் தலைவன் என்று நம்பிய மக்களின் கதையை நாம் ஒளியுருவமாக மட்டும் கண்டு அமைதல் பொருந்துமா என்பதை அன்பர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இம்மலர் எவ்வில்லத்தை அடையினும், அங்குள்ள பெற்றோரை ஒன்று வேண்டுகின்றோம். நூல் சிறந்ததா படம் சிறந்ததா என்று பிள்ளைகளோடு வழக்கிடுங்கள். வழக்கு முற்றியதும் நூலைக் கையில் எடுத்து, நாய் பேசும் ஒரு பக்கத்தை உரக்கப் படியுங்கள். அடுத்த பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள்.