விரும்பி ஏற்ற வில்லங்கம்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து நில வரைபடத்தில் மேற்குப் பகுதியைப் பார்த்தால், காடு சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகக் கிடக்கும். 1864-இல் நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்கு, தண்டவாளம் போடுவதற்கு ஈடாக, ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக அரசு நிலத்தைக் கொடுத்ததன் எச்சம் அது. ஒரு கட்டம் அரசுக் காடு. பக்கத்துக் கட்டம் தனியார் காடு. அந்தத் தனியார் கட்டங்களில் பெரும்பங்கு பின்னாளில் பிளம் கிரீக் என்ற மர நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. மரம் வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளரும். வீடு கட்டிய இடத்தில் வளராது. 1999-இல் பிளம் கிரீக் மனை முதலீட்டு நிறுவனமாக உருமாறி, ஏரிக்கரைகளையும் பள்ளத்தாக்குகளையும் மனைகளாக விற்கத் தொடங்கியபோதுதான் ஊருக்குக் கவலை பிறந்தது. கிரிஸ்லி கரடிக்கு எது அரசுக் கட்டம், எது தனியார் கட்டம் என்று தெரியாது. வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் காலங்காலமாக அந்தக் காட்டுக்குள் போய்வந்த மக்களுக்கோ, ‘உள்ளே வராதே’ பலகை எந்தக் கட்டத்தில் முதலில் முளைக்கும் என்ற பயம்.

2008-இல் நேச்சர் கன்சர்வன்சி, டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற இரண்டு நில அறக்கட்டளைகள் சேர்ந்து பிளம் கிரீக்கிடமிருந்து சுமார் 3,10,000 ஏக்கரை 49 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டன. வாங்கியதில் பெரும்பகுதியை அடுத்தடுத்த ஆண்டுகளில் அரசின் வனத்துறைகளிடம் ஒப்படைத்தன. கட்டங்கள் ஒட்டிக்கொண்டன. நில அறக்கட்டளை என்ற முறையின் உச்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அரசு ஒரு நிலத்தை வாங்க வேண்டுமென்றால் மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, ஆட்சேபணை என்று ஆண்டுகள் ஓடும். மனை வியாபாரி அதுவரை காத்திருக்க மாட்டான். அவன் வேகத்துக்கு ஈடுகொடுத்து, காசைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச ஓர் ஆள் தேவை. அந்த வேலையில் அறக்கட்டளைகளுக்கு நிகர் இல்லை.

ஆனால் இன்று அமெரிக்க அறக்கட்டளைகள் பெரிதும் நம்பியிருக்கும் முறை வேறு. நிலத்தை வாங்குவதில்லை, அதன் மீதுள்ள உரிமைகளில் ஒன்றை மட்டும் பெற்றுக்கொள்கிறார்கள். உரிமையாளர் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், உழலாம், மாடு மேய்க்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். மனை பிரிக்கவோ கட்டடம் எழுப்பவோ மட்டும் கூடாது என்று அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு கூடவே போகும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தானே விரும்பி நிலத்தின் மேல் ஏற்றிக்கொள்ளும் நிரந்தர வில்லங்கம். இதனால் நிலத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையை நன்கொடையாகக் கணக்கிட்டு அவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, மறுக்க முடியாது. பண்ணைக் குடும்பம் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. முழு விலை கொடுத்து வாங்குவதைவிட அறக்கட்டளைக்குச் செலவும் குறைவு. சரணாலயங்களுக்கு இடைப்பட்ட வயலும் மேய்ச்சல் நிலமும் விலங்குகள் நடமாடும் வழியாக நிலைக்கின்றன. அரசு எவரிடமிருந்தும் எதையும் பிடுங்குவதில்லை என்பதால், சுற்றுச்சூழல் என்றாலே முகம் சுளிக்கும் பண்ணையாரும் கையெழுத்துப் போடுகிறார்.

குறை, வரிச் சலுகை நுழையும் இடத்தில் தொடங்குகிறது. மதிப்பு எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்பவர் உரிமையாளர் அமர்த்தும் மதிப்பீட்டாளர். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழிலே கிளம்பியது. சில தரகர்கள் முதலீட்டாளர்களைத் திரட்டி, மலிவாக ஒரு நிலத்தில் பங்கு வாங்கி, ‘இங்கே சொகுசு விடுதி கட்டியிருந்தால் இத்தனை கோடி தேறும்’ என்று ஊதிய மதிப்பீடு ஒன்றை வாங்கி, விடுதியைக் கட்டாத தியாகத்துக்காகப் போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு வரிக்கழிவு எடுத்தார்கள். வரித்துறை எச்சரித்தது, 2020-இல் செனட் நிதிக் குழு விசாரணை அறிக்கை வெளியிட்டது. போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் இத்தகைய கழிவு செல்லாது என்று சட்டம் வந்தது 2022 டிசம்பரில்தான். அறக்கட்டளைகளின் கூட்டமைப்பே இந்த மோசடியை எதிர்த்துப் போராடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள ஏதோ ஓர் அமைப்பு கை நீட்டாமல் இந்த வியாபாரம் நடந்திருக்காது.

பெரிய பெயர்களும் தப்பவில்லை. டெக்சாஸில் மொபில் எண்ணெய் நிறுவனம் 1995-இல் நேச்சர் கன்சர்வன்சிக்குப் புல்வெளி ஒன்றைக் கொடுத்தது. அட்வாட்டர் புல்வெளிக் கோழி என்ற, அழிவின் விளிம்பில் நின்ற பறவையின் கடைசி இருப்பிடங்களில் ஒன்று அது. அங்கேயே அந்த அமைப்பு புதிதாக எரிவாயுக் கிணறு தோண்டியது. கோழிகள் பின்னர் அவ்விடத்திலிருந்து மறைந்தன. கிணறுதான் அவற்றைக் கொன்றது என்று சொல்வது நியாயமாகாது. அந்த இனம் அதற்கு முன்பே நொடித்திருந்தது. ஆனால் காவலாளியே வருமானம் பார்க்க இறங்கினால், யாரிடம் போய் முறையிடுவது? 2003-இல் வாஷிங்டன் போஸ்ட் இதையும், பாதுகாப்பு நிபந்தனை போட்ட நிலங்களைத் தன் அறங்காவலர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் குறைந்த விலைக்கு விற்றதையும் அம்பலப்படுத்திய பிறகே அந்த அமைப்பு தன் விதிகளை மாற்றியது. வெளியிலிருந்து ஒரு பத்திரிகை கேட்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. இவ்வகை அமைப்புகளுக்கு முன்னோடி, நிலவடிவமைப்பாளர் சார்லஸ் எலியட்டின் முயற்சியால் 1891-இல் மாசசூசெட்ஸில் பிறந்த அறங்காவலர் அமைப்பு. பாஸ்டன் நகரத்து நெரிசலில் வாழ்பவர்கள் நடந்து திரிய அழகான இடங்கள் வேண்டும் என்பது அவர் நோக்கம். அதன் சாசனம், மக்களுக்குத் திறந்துவைக்கப்படும் நிலத்துக்குத்தான் வரிவிலக்கு என்றது. இன்றைய கூட்டாட்சிச் சட்டத்தில் வாழிடப் பாதுகாப்புக்காக எழுதிக் கொடுக்கும் நிலத்தில் யாரையும் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. கூடு கட்டும் பறவையைக் கூட்டம் கலைக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் பொதுப் பணத்தில் சலுகை பெற்ற நிலத்தின் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது பக்கத்து ஊர்க்காரருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டாமா?

‘என்றென்றும்’ என்ற வாக்குறுதியைக் காப்பதும் லேசான காரியமில்லை. கையெழுத்திட்டவர் மனமுவந்து செய்தார். பேரன் வழக்குப் போடுகிறான். ஆண்டுதோறும் நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். மீறியவர் மேல் நீதிமன்றம் ஏற வேண்டும். வழக்குச் செலவுக்கென்றே அறக்கட்டளைகள் கூடி டெர்ராஃபர்மா என்ற காப்பீட்டு நிறுவனத்தை நடத்துகின்றன. இயற்கையும் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. எலியட்டின் அமைப்பைப் பார்த்து உருவான இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் 1899-இல் விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலத்தில் இரண்டு ஏக்கரை வாங்கி, மெல்லமெல்ல அதைப் பெருக்கியது. சுற்றிலும் உழவுக்காக நீரை வடித்த நிலம் சுருங்கித் தாழ்ந்துபோனது. காப்பாற்றிய சதுப்பு மட்டும் மேட்டில் தனித்து நின்று, ஈரத்துக்கே போராட வேண்டியதாயிற்று. அங்கிருந்த ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சி 1950-களில் அற்றுப்போனது. வேலி போட்டுக் காத்தும் பிழைக்கவில்லை.

ஆகவே அறக்கட்டளை நிலத்தைப் பிடித்து வைத்திருப்பதைவிட, வாங்கிக் கைமாற்றிவிடும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது என்பது என் முடிவு. வயநாட்டில் திருநெல்லி – குத்ரகோட் யானை வழித்தடத்தில் இந்திய வனவுயிர் அறக்கட்டளை நிலம் வாங்கி, அங்கிருந்த குடும்பங்களுக்கு வேறிடம் ஏற்பாடு செய்து, நிலத்தைக் கேரள வனத்துறையிடம் கொடுத்ததும் இந்த வழிதான். எட்டும் தூரத்தில் உள்ள சீகூர் யானை வழித்தடத்தைக் காக்க நாம் நீதிமன்ற வழியில் போனோம்; 2011-இல் உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 2020 ஆயிற்று.

யாரிடம் கைமாற்றுவது என்பதில் இப்போது ஒரு புதுப் பாதை திறந்திருக்கிறது. கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் வெஸ்டர்ன் ரிவர்ஸ் கன்சர்வன்சி பேசி முடித்த 1,199 ஏக்கர் பண்ணை, 2020-இல் மாநில அரசின் நிதி உதவியோடு எஸ்ஸெலன் பழங்குடியிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்பானியர் வந்து குடியேறி இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர்கள் கைக்குத் திரும்பிய முதல் நிலம் அது. ஸ்டீல்ஹெட் மீன் ஏறிவரும் ஆறும் காண்டோர் பறக்கும் மலையும் அதில் அடக்கம். பாதுகாப்பு நிபந்தனையும் உண்டு. ஓர் அறக்கட்டளை எத்தனை ஏக்கரைக் காத்தது என்று அதன் ஆண்டறிக்கை சொல்லும். நன்கொடை கொடுக்குமுன், எத்தனை ஏக்கரை யாரிடம் திருப்பிக் கொடுத்தது என்றும் கேளுங்கள்.