குகையும் விடுதியும்

கொடைக்கானல் என்றதும் தமிழ்ப் பொதுமனத்தில் எழும் பெண் யார்? தேனிலவுக்கு அழைத்து வரப்பட்டவள். பாடல் காட்சியில் மெல்லிய சேலையோடு பனிமூட்டத்துக்குள் ஓடவிடப்பட்டவள். அல்லது, 'குணா'வில் போல, கடத்தி வரப்பட்டவள். மூவரும் ஓர் ஆணின் விருப்பத்தால் மலையேறியவர்கள்.

1991இல் வந்த 'குணா'வின் நாயகன், ரோகிணி என்ற பெண்ணை அபிராமி என்று நம்பி, மலைக்குக் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறான். தனதல்லாத ஒரு பெயருக்குள் அவள் மெல்ல மெல்லப் புகுவதைப் படம் காதலாகக் கட்டமைக்கிறது. அவனுடைய மனநோயின்மீது நமக்கு இரக்கம் சுரக்கிறது. அது நியாயமானதே. ஆனால் அவளுடைய அச்சத்துக்கு அதில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. டெவில்ஸ் கிச்சன் என்று வழங்கிய இடம் பின்னர் 'குணா குகை' ஆயிற்று. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அதே குகைக்குத் திரும்பியபோது அது ஆண்களின் நட்பைக் கொண்டாடும் வெளியாக மாறியிருந்தது. பெண் அங்கிருந்து முற்றாகவே காணாமல் போயிருந்தாள்.

'குணா' வெளியானபோது அதே ஊரில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு வயது ஏழு. 1984இல் தமிழக அரசு பெண்களுக்கென்றே நிறுவிய பல்கலைக்கழகம் அது. வத்தலக்குண்டில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு, பெட்டியும் கம்பளியுமாக மேலே போன பெண்கள் இருக்கிறார்கள். துணைக்கு அப்பாவோ அண்ணனோ வந்திருக்கலாம். ஆயினும் அந்தப் பயணத்தின் காரணம் அவளுடைய படிப்புதான். துவைத்த துணி காயாத மழைக்காலம், சீசனில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே நகராத பஸ், குளிரில் விரல் விறைக்க எழுதிய ஆய்வேடு என்று அவளுடைய கொடைக்கானல் வேறு. அவளுக்குப் பாடல் காட்சி தேவையில்லை. கதையில் ஓர் இடம் வேண்டும்.

குகையையும் விடுதியையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு நாம் நிம்மதியடைய முடியாது. இரண்டுக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு: பாதுகாப்பு. குணாவும் அவளை உலகத்திடமிருந்து காப்பதாகவே நம்புகிறான். "லேடீஸ் காலேஜ்தானே, பயமில்லை" என்று மகளை அனுப்பும் குடும்பமும் காவலைத்தான் முதலில் கேட்கிறது, நூலகத்தைக் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் நம் பெண்கள் விடுதிகள் பலவற்றின் கேட் மாலையிலேயே மூடுகிறது.

பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களோடு ஒப்பிடுகையில் பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்கின்றன, பாலியல் துன்புறுத்தல் தொடர்பான யுஜிசியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். முக்கியமான வரி இது. ஆனால், பெண்கள் மட்டுமே படிக்கும் வளாகத்தில் ஒப்பிடுவதற்கு ஆண் விடுதியே கிடையாதே? அங்கே எந்த விதியும் 'எல்லோருக்கும் பொதுவான' விதியாகிவிடுகிறது. பெண்களுக்கென ஒதுக்கிய வெளி, பாகுபாட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. மகளிர் பல்கலைக்கழகம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். முதல் தலைமுறைப் பெண்கள் பலருக்கு வீட்டைத் தாண்டும் ஒரே கதவு அதுவாக இருந்திருக்கிறது. அந்தக் கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இதை வாசிக்கும் மாணவிகள் ஒரு சிறு வேலை செய்யலாம். உங்கள் விடுதியின் கேட் மூடும் நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, வேறொரு அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விடுதி நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விடுதிக் கூட்டத்துக்குப் போங்கள்.