வடிவமும் விதியும்: போட்டி உடற்பயிற்சியில் பாதுகாப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

உருவம், உள்ளடக்கம் என்னும் இரு சொற்களும் 1960களிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் நீண்ட வாதங்களுக்கு இடமளித்தன. அவ்வாதங்களை மீள எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் அவற்றிலிருந்து நாம் கற்றுக்கொண்ட ஒரு பாடம் உண்டு. எந்த உருவமும் தனி மனிதரின் விருப்பால் மாத்திரம் தோன்றுவதில்லை. அதனைத் தோற்றுவித்து நிலைபெறச் செய்யும் புறநிலைமைகள் உள என்பதே அது. இலக்கியத்துக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு துறைக்கும் இப்பாடம் பொருந்துகின்றது. போட்டி உடற்பயிற்சியில் அசைவின் வடிவம் பற்றியும் அதனால் விளையும் காயம் பற்றியும் கால் நூற்றாண்டாக நிகழ்ந்துவரும் வாதத்தையே ஈண்டுக் கருதுகிறேன். பயிற்சிக்கூடங்களில் ‘ஃபோர்ம்’ என வழங்குவதை இங்கு வடிவம் என்ற சொல்லாற் குறிக்கின்றேன்.

இவ்வாதத்தின் மையமாக விளங்குவது கிறொஸ்ஃபிற் என்னும் பயிற்சிமுறை. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிறெக் கிளாஸ்மன், லோறன் ஜெனாய் ஆகிய இருவரும் இதனை நிறுவினர். பளுதூக்கல், ஜிம்னாஸ்டிக், ஓட்டம், நீச்சல் முதலியவற்றிலிருந்து அசைவுகளை எடுத்துக் கலந்து, குறித்த வேலையை மிகக் குறைந்த நேரத்தில் முடித்தல் அல்லது குறித்த நேரத்தில் மிகக் கூடிய தடவைகள் செய்தல் என்னும் அளவுகோலால் இம்முறை பயிற்சியை மதிப்பிடுகின்றது. 2007 இல் கலிபோர்னியாவின் அறோமாஸ் என்னுமிடத்திலுள்ள ஒரு பண்ணையில் இதன் முதற் போட்டி நடைபெற்றது. அன்று முதல் உடற்பயிற்சியே ஒரு விளையாட்டாயிற்று. கடிகாரம் பயிற்சிக்கூடத்தின் தலைமை நடுவராயிற்று.

வாதத்தின் இரு தரப்பையும் விளக்க ஓர் உதாரணம் போதும். கம்பியைப் பற்றித் தொங்கி, நாடி கம்பிக்கு மேல் வரும்வரை உடலை உயர்த்தும் பயிற்சியை யாவரும் அறிவர். கிறொஸ்ஃபிற் போட்டியாளர் இடுப்பை வீசி, ஊஞ்சலாடுவது போன்ற ஓர் உந்தலைப் பெற்று இதனைச் செய்வர். இதற்குக் ‘கிப்பிங்’ என்று பெயர். இது ஏமாற்றென்றும் தோள்மூட்டுக்குக் கேடென்றும் பழைய முறையினர் எள்ளி நகையாடுவர். இது வேறொரு பயிற்சி, குறுகிய நேரத்திற் கூடிய வேலையைச் செய்விப்பது என்று மற்றைத் தரப்பினர் விடையிறுப்பர். இரு தரப்பினரும் அசைவைப் பார்க்கின்றனரேயன்றி, அந்த அசைவைத் தோற்றுவித்த விதியைப் பார்க்கின்றாரில்லை.

கிளாஸ்மன் வடிவத்தை முற்றாகப் புறக்கணித்தவர் அல்லர். முதலில் அசைவைச் செம்மையாகக் கற்க வேண்டும், பின் அதனைத் தவறாது செய்யப் பழக வேண்டும், அதன் பின்னரே வேகத்தையும் பாரத்தையும் கூட்டலாம் என்பது அம்முறையின் எழுதப்பட்ட போதனை. சாதாரண அசைவுகளை அசாதாரணச் செம்மையுடன் செய்யப் பழக்குமாறு 2005 இல் அவர் பயிற்றுநருக்கு ஒரு திறந்த மடலும் வரைந்தார். எனினும் செம்மைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை விளக்க அவர் தட்டச்சை உவமையாகக் கொண்டமை ஆராயத்தக்கது. பிழையே நேராதபடி தட்டச்சு செய்பவர் தம்மால் இயன்ற வேகத்தை எட்டவில்லை. சிறிது பிழை நேரும் எல்லைக்குச் சென்று, அங்கே பிழையைக் குறைத்து, மேலும் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவ்வுவமையின் சாரம்.

கற்றலின் இயல்பைப் பொறுத்தவரை இவ்வுவமையில் உண்மையுண்டு. ஆனால் உவமைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள ஒரு பெரும் வேறுபாடு இதில் மறைக்கப்பட்டுள்ளது. தட்டச்சிலே பிழை தாளில் விழுகின்றது. தாளைக் கழற்றி எறிந்துவிடலாம். பளுதூக்கலிலே பிழை தூக்குபவரின் முள்ளந்தண்டில் விழுகின்றது. அங்கே செய்பவர் வேறு, செய்பொருள் வேறு. இங்கே இரண்டும் ஒன்று. பிழையை ஒரு வீதமாகக் கணக்கிடுபவருக்கு அது சிறிய எண். அந்தப் பிழையை உடலில் ஏற்பவருக்கோ அது முழுமையானது.

இவ்வாபத்தை அவ்வியக்கத்தினர் அறியாதிருந்தாரல்லர். அளவுமீறிய பயிற்சியால் தசைநார்கள் சிதைந்து, அவற்றின் உட்பொருள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் றப்டோமயோலைசிஸ் என்னும் நிலை பற்றி 2005 இல் அவர்களின் சஞ்சிகையே எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையும் இதனை வெளியுலகுக்கு எடுத்துரைத்தது. எச்சரித்தமை பாராட்டுக்குரியது. ஆனால் அந்நோய்க்கு ‘அங்கிள் றப்டோ’ என்று பெயரிட்டு, குருதி சுத்திகரிக்கும் இயந்திரத்துடன் இணைக்கப்பட்ட ஒரு கோமாளியாக அதனைச் சித்திரித்தமையை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஆபத்து நகைச்சுவையாகும்போது அது தீரத்தின் அடையாளமாகிவிடுகின்றது. அதற்கு அஞ்சுபவர் கூட்டத்துக்குப் புறத்தவராகின்றார்.

எதிர்த்தரப்பாரின் வாதமும் குறையற்றதன்று. 2013 இல் அமெரிக்காவின் வலிமைப் பயிற்சிச் சங்கமொன்றின் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையொன்று, கிறொஸ்ஃபிற் பயிற்சியில் ஈடுபட்ட 54 பேரில் 9 பேர் மிகைப்பயிற்சியாலோ காயத்தாலோ விலகினர் என்றது. இவ்வெண் எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. கிறொஸ்ஃபிற் நிறுவனம் 2014 இல் வழக்குத் தொடுத்தது. 2016 இல் காயம் பற்றிய அத்தரவு பொய்யானதென நீதிமன்றம் தீர்மானித்தது. 2017 இல் கட்டுரையே மீளப்பெறப்பட்டது. 2013 இல் வெளியான வேறோர் ஆய்வு 1000 பயிற்சி மணித்தியாலங்களுக்கு 3.1 காயங்கள் எனக் கணித்தது. இது பளுதூக்கல், ஜிம்னாஸ்டிக் ஆகியவற்றின் வீதத்தை ஒத்தது; றக்பியினதைவிடக் குறைந்தது. 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தாம் காயமுற்றதாகக் கூறினர். பயிற்றுநர் அருகிருந்து வழிகாட்டிய இடங்களில் காயம் குறைந்திருந்தது. இவை தாமாக முன்வந்து விடையளித்தோரின் கூற்றுக்களை ஆதாரமாகக் கொண்டவை என்பதையும் மறத்தலாகாது.

சரியான வடிவம் யாது என்பதிலேனும் அறிஞர் ஒருமித்துள்ளனரா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்ருவேட் மக்கில் முதலியோர் பன்றியின் முள்ளந்தண்டுத் துண்டங்களை மீண்டும் மீண்டும் வளைத்து நிகழ்த்திய பரிசோதனைகளில், இடைத்தட்டுக்கள் பிதுங்கக் காணப்பட்டன. முதுகை வளைத்துத் தூக்குதல் கூடாதென்ற போதனைக்கு இவை வலுவூட்டின. ஆனால் மனிதரிடத்து நிகழ்த்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வெளியான ஒரு மீளாய்வு, தூக்கும்போது கீழ்முதுகு வளைவதற்கும் முதுகுவலிக்கும் தொடர்புண்டெனக் கொள்ளப் போதிய சான்றில்லை என்றது. ஆகவே ஒரே வடிவத்தை வேதவாக்காகக் கொண்டு ஏனையோரை நிந்திப்பதற்கு அறிவியல் இடந்தருவதாயில்லை.

அங்ஙனமாயின் நாம் கேட்க வேண்டிய வினா வேறு. போட்டியில் நடுவர் எதைப் பார்க்கின்றார்? குந்தியெழும்போது இடுப்பின் மடிப்பு முழங்காலுக்குக் கீழே சென்றதா, கம்பியில் உயரும்போது நாடி கம்பியைக் கடந்ததா என்பவற்றையே பார்க்கின்றார். தொடக்கமும் முடிவும் அளக்கப்படுகின்றன. இடைப்பட்ட வழி பெரும்பாலும் அளக்கப்படுவதில்லை. அளக்கப்படாத வழியில் கடிகாரமே ஆட்சி செய்யும். அங்கே போட்டியாளர் மிக விரைவான வழியைத் தெரிவது அவரது ஒழுக்கக்கேடன்று. விதியைச் செம்மையாக வாசித்ததன் விளைவேயாகும்.

இதற்கு வரலாற்றிற் சிறந்த சான்று ஒலிம்பிக் பளுதூக்கலில் உண்டு. 1928 முதல் 1972 வரை அங்கு மூன்று தூக்கல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றான ‘பிறெஸ்’, நிமிர்ந்து நின்று தோள்களின் வலிமையால் மாத்திரம் பாரத்தைத் தலைக்கு மேல் உயர்த்துவது. காலப்போக்கில் வீரர் இடுப்பை முன்தள்ளி, முதுகைப் பின்னோக்கி வளைத்து அதனைத் தூக்கலாயினர். எவ்வளவு வளைவு அனுமதிக்கத்தக்கது என்பதில் நடுவர் ஒருமித்திலர். ஒருவர் வளைந்து வென்றால், நிமிர்ந்து நிற்பவர் தோற்பார். எனவே எல்லோரும் வளைந்தனர். மியூனிச் ஒலிம்பிக்கின் பின்னர் சர்வதேசச் சம்மேளனம் அத்தூக்கலையே நீக்கிற்று. சீராகத் தீர்ப்பளிக்க இயலாமையும் கீழ்முதுகு பற்றிய அச்சமும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. வீரர்க்கு உபதேசஞ் செய்து அச்சிக்கல் தீரவில்லை. விதி மாறியபோதே தீர்ந்தது.

வடிவத்துக்கும் புள்ளி வழங்கினால் போதுமே எனச் சிலர் கூறலாம். வடிவத்துக்குப் புள்ளி வழங்குவதையே மரபாகக் கொண்ட ஜிம்னாஸ்டிக்கின் அனுபவம் இதனை முற்றாக ஆதரிக்கவில்லை. 1978 இல் உலக வெற்றியாளரான சோவியத் வீராங்கனை எலேனா முகினா, மொஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னர், 1980 ஜூலையில், ‘தோமஸ் சால்ற்றோ’ என்னும் கடினமான அசைவைப் பயிலும்போது கழுத்தெலும்பு முறிந்து, 2006 இல் இறக்கும்வரை செயலிழந்த உடலுடன் வாழ்ந்தார். கால்முறிவு முற்றாகக் குணமாகாத நிலையில் அவர் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டிருந்தார். அழகுக்குப் புள்ளி வழங்கிய விதி கடினத்துக்கும் புள்ளி வழங்கிற்று. அவ்வசைவு பெண்களுக்குத் தடைசெய்யப்பட்டது பின்னரே. இவ்விடத்தும் பாதுகாப்பைத் தந்தது செம்மை பற்றிய போதனையன்று. எல்லை வகுத்த விதியே.

2024 ஓகஸ்ற் 8 ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் ஃபோற் வேர்த் நகரில் கிறொஸ்ஃபிற் போட்டியின் முதல் நிகழ்ச்சியில், ஓட்டத்தைத் தொடர்ந்து ஏரியில் நீந்திய செர்பிய வீரரொருவர் மூழ்கி இறந்தார். அன்றைய ஏனைய நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. மறுநாள் போட்டி தொடர்ந்தது. முதுகின் வளைவையும் தோளின் வீச்சையும் பற்றி ஆண்டுக்கணக்காக நிகழ்ந்த வாதத்துக்கு இம்மரணத்தில் யாதொரு விடையும் இல்லை. களைத்த உடலைத் திறந்த நீரில் இறக்கும் நிகழ்ச்சியை வகுப்பதும், நீந்துவோரைக் கண்காணிப்பதும் வீரரின் கையிலுள்ளவையல்ல. அவை போட்டியை அமைப்போரின் கடமைகள்.

தனிமனிதப் பொறுப்பு முற்றாக இல்லையென்பது நமது வாதமன்று. தன் உடலின் எல்லையை அறிதல் எவர்க்கும் கடன். ஆயினும் புள்ளியையும் பரிசையும் ஒரு வழியில் வைத்துவிட்டு, அவ்வழியிற் சென்று வீழ்ந்தவரை வடிவம் தவறியவர் என்று குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. அது குற்றத்தை விதி வகுத்தோரிடமிருந்து காயமுற்றோருக்கு இடம்மாற்றும் ஓர் உபாயமேயாகும். ஒரு போட்டியை மதிப்பிட விழைவோர் வீரரின் அசைவை நோக்குமுன், அப்போட்டி எதனை எண்ணுகின்றது, எதனை எண்ணாது விடுகின்றது, எந்த எல்லையில் நிறுத்துகின்றது என்று நோக்குதல் வேண்டும்.