அலோனில் ஆறு கார்டு ரிக்: ஆட்டம் எங்கே?

யாங்கோனின் அலோன் டவுன்ஷிப்பில் எரிவாயு மின்நிலையமே இருக்கிறது. அதே அலோனில், கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் என் நண்பர் வீட்டில் உலை வைக்கிறார்கள். அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மைனிங் ரிக்கை ஓட்டிப் பார்த்தேன்: ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி கார்டுகள் ஆறு, ரைசர்கள், ஒரே எஸ்எம்பிஎஸ், ஹைவ்ஓஎஸ். கொஞ்ச நேரம் ஓடும். ஒரு கார்டு காணாமல் போகும். வாட்ச்டாக் ரீபூட் செய்யும். மறுபடி அதே கதை.

எல்லாரும் முதலில் ஓவர்கிளாக்கைத்தான் சந்தேகிப்பார்கள். மெமரி வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கியும் ஆட்டம் நிற்கவில்லை. ஆகவே மென்பொருளை விட்டுவிட்டு, விழும் கார்டை வேறு ரைசரில் மாட்டினேன். கார்டு பிழைத்தது. பழைய ரைசரில் மாட்டிய நல்ல கார்டு விழுந்தது. கழற்றிப் பார்த்தால், சாட்டா இணைப்பில் மஞ்சள் வயர் பக்கம் பிளாஸ்டிக் கருகியிருந்தது.

கணக்கு எளிது. சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்; பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். ஸ்லாட் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். போதாக்குறைக்கு இங்கே ஒரே வயரில் இரண்டு ரைசர்! எஸ்எம்பிஎஸ்ஸின் 6 பின் பிசிஐஇ வயரை நேராக ரைசருக்குக் கொடுத்ததும் கார்டு விழுவது நின்றது. சாட்டாவிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அந்த மலிவு வயரைக் குப்பையில் போடுங்கள். தீப்பிடிக்கக்கூடிய சாமான் அது.

கரண்ட் திரும்பும் நொடியில் வோல்டேஜ் எகிறுவது அடுத்த தொல்லை. பயாஸில் தானாக எழும் அமைப்பை அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் போடும் தாமதப் பெட்டி வழியாக இணைத்தோம். ஏப்ரல் வெயிலுக்கு ஃபேன் வேகத்தைக் கூட்டியதோடு சரி.

இனி ரிக் நிலையாக ஓடும். ஓடி என்ன? எத்தீரியம் 2022 செப்டம்பர் 15-இல் மைனிங்கையே கைவிட்டது. எத்தீரியம் கிளாசிக் மாதிரியான காசுகள்தான் மிச்சம். அதை ஜெனரேட்டர் டீசலில் தோண்டினால் கைக்காசு கரையும். டிஜிட்டல் நாணய வர்த்தகத்துக்கு அனுமதியில்லை என்று மியன்மார் மத்திய வங்கி 2020 மே மாதமே அறிவித்ததும் இருக்கிறது.

இப்படியொரு ரிக் விலைக்கு வந்தால், வீடியோ எடிட்டிங்குக்கோ கேமுக்கோ ஆகுமா என்று கார்டுகளை மட்டும் பார்த்து விலை பேசுங்கள். ரைசருக்கும் வயருக்கும் ஒரு சாட் கூடக் கொடுக்காதீர்கள்.