தொடாதே: பிளசர் காரும் 'ஒரிஜினல்' மோகமும்

வடக்கே காலாப்பட்டு, தெற்கே புதுச்சேரி. 1954 வரை இரண்டும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் எங்க பொம்மையார்பாளையம். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் பளபளவென்று போகும். நிற்கும் இடத்தில் செல்போனோடு கூட்டம் கூடும். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் காலத்து பிளசருப்பா. கிட்ட போனாலே தொடாதேன்னு வெரட்டுவானுங்க." பழைய கார்களைப் பற்றி வருகிற பளபளப்பான புத்தகங்கள் எதிலும் இந்த இரண்டு வாக்கியங்கள் இல்லை. அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் 'பிளசர்' என்கிற சொல். சரக்கு ஏற்றாத, டிக்கெட் போடாத, சொந்தச் சுகத்துக்கான வண்டி. இங்கிலீஷ்காரன் 'பிளெஷர் கார்' என்றான். நம் ஜனங்கள் காரை விட்டுவிட்டு இன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பண்ணையார் வீட்டு பிளசர், மில் முதலாளி பிளசர். மோரிஸ், ஆஸ்டின், பிளைமவுத், செவர்லே என்கிற வித்தியாசமெல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். ரோட்டோரம் ஒதுங்கி நின்றவனுக்கு எல்லாமே பிளசர்தான். சாலையின் விளிம்பிலிருந்து வைக்கப்பட்ட பெயர் இது.

அடுத்தது 'தொடாதே'. 1955 பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் டி.எஸ். கார் அறிமுகமானது. முதல் நாளே சுமார் 12,000 பேர் பதிவு செய்தார்கள் என்பார்கள். அதைப் பற்றி ரொலாண் பார்த் எழுதிய கட்டுரை 1957இல் வந்த அவருடைய 'மித்தாலஜிஸ்' தொகுப்பில் இருக்கிறது. இந்தக் காலத்தின் கோதிக் தேவாலயம் கார்தான் என்கிறார். பிரெஞ்சில் 'டி.எஸ்.' என்று உச்சரித்தால் 'தேவி' என்று ஒலிக்கும். அந்தச் சிலேடையைப் பிடித்துக்கொள்கிறார். நமக்கு முக்கியமான இடம் வேறு. மண்டபத்தில் ஜனங்கள் தகட்டைத் தடவுகிறார்கள், மூட்டுகளைத் தொடுகிறார்கள், மெத்தையை அமுக்குகிறார்கள். தொடத் தொட, வானத்திலிருந்து இறங்கிய தேவி நடுத்தர வர்க்கத்தின் வீட்டுப் பொருளாகிறாள்.

இந்த வாசிப்பை அப்படியே இங்கே இறக்கினால் என்ன ஆகும்? செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கக்கூடாது, சைக்கிளில் ஏறிப்போகக்கூடாது என்று தலித்துகளுக்குத் தடைபோட்ட கிராமங்கள் இவை. இங்கே தேவி தொடத்தொடக் கீழே இறங்கவில்லை. தொடவிடாமல் வைத்ததால்தான் அவள் தேவி. சாதிச் சமூகத்தில் பண்டத்தின் மாயம் பார்வையால் மட்டும் கட்டப்படுவதில்லை, தீண்டலுக்குப் போடப்படும் தடையாலும் கட்டப்படுகிறது. பார்த்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவருடைய மண்டபத்துக்கு வெளியேயும் ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. அந்தப் போர் முடியும்வரை புதுச்சேரி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தராமல் பிரான்ஸ் இழுத்தடித்தது. 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி கைமாறியது. ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 22இல், அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்த ஆத்திரத்தில் தெகோல் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. டயர் கிழிந்தும் ஓடி அவரைக் காப்பாற்றியது ஒரு டி.எஸ். அந்தக் காலத்தில் பாரிஸை ஒட்டிய ரெனோ ஆலையில் கார் செய்த கைகளில் அல்ஜீரியர் கைகள் ஏராளம். காரின் நவீனமும் காலனியின் ரத்தமும் ஒரே கதையாடலின் இரண்டு பக்கங்கள் என்று கிறிஸ்டின் ராஸ் 1995இல் ஒரு நூலே எழுதினார்.

நம் பக்கம் வருவோம். உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டுவது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று 1953இல் அரசு கொள்கை வகுத்தது. 1954இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. அவர்கள் விட்டுப்போன வண்டிகள் எப்படி ஓடின? புளியமரத்தடி ஒர்க்‌ஷாப்பில் ஓடின. லேத்தில் கடைந்த புஷ், டிங்கரிங் பண்ணிப் பட்டி பார்த்த மட்கார்டு, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஏற்றிய டீசல் எஞ்சின். பண்ணையாரின் பிளசர் வாடகை டாக்ஸியாகி, பத்துப்பேரை அடைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது. 'தொடாதே' என்றவனின் வண்டிக்குள் கிரீஸ் கையோடு படுத்துப் புகுந்தவன்தான் அந்த மாயத்தை உண்மையில் கட்டுடைத்தான்.

இன்றைய பழங்கார் மோகம் முதலில் அழிப்பது இவனுடைய கையைத்தான். பந்தயத்துக்கும் பரிசுக்கும் வைக்கிற கார் 'ஒரிஜினலாக' இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் இருந்தால் மார்க் போச்சு. வெல்டிங் தழும்பு தெரியக்கூடாது. வண்டியை ஐம்பது வருஷம் உயிரோடு வைத்திருந்த வேலை எல்லாம் 'கெடுத்துட்டானுங்க' என்கிற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. தூய்மை, மூலம், கலப்பின்மை: இந்தச் சொல்லாடலை நாம் வேறு இடத்தில் கேட்டதில்லையா?

மூலம் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். அம்பாசிடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டியது ஆஸ்டின். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்து, இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் வந்த ஹெரால்டு, 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. அப்புறம் இங்கிலாந்திலேயே இல்லாத நாலு கதவு அதற்கு இங்கே முளைத்தது. எது அசல்?

எம்.ஆர். ராதா இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றினார் என்று ஒரு கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. நடந்ததா, கூட்டிச் சொன்னதா என்பது இங்கே பிரச்சினையில்லை. ஜனங்கள் அதைத் திரும்பத்திரும்பச் சொல்லிச் சிரிப்பதுதான் முக்கியம். தேவியின் முதுகில் மாட்டுத் தீனி! இது ஒரு கலகம்தான். ஆனால் அதன் எல்லையையும் பேச வேண்டும். சொந்தக்காரன் தன் காரில் வைக்கோல் ஏற்றினால் அது கலகம். அந்த வைக்கோலைச் சுமந்து வந்து போட்ட ஆள் அதே சீட்டில் உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? கதை அந்த ஆளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மூட்டை கட்டிய ஃபோர்டு 1990களில் மறைமலைநகருக்குத் திரும்பி வந்தது. 2021இல் மூடப்போவதாக அறிவித்து, 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. தொழிலாளர்கள் போராடினார்கள். நாளைக்கு அந்த ஆலையில் செய்த வண்டிகளும் ஊர்வலம் போகும். அப்போதும் மாடல் வருஷத்தை மட்டும் எழுதிவைப்போமா? டிங்கர்கள், லேத் மேஸ்திரிகள், டாக்ஸி டிரைவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். டேப் ரிக்கார்டரோ செல்போனோ, எதையாவது எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்காருங்கள். நான் அந்த ஆயாவிடமிருந்து தொடங்கியிருக்கிறேன்.